காது மிஷினும் ஜெர்மன்காரர்களின் இசையும்

வடசென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். கனமான தகட்டை எந்திரம் வெட்டிக் கீழே தள்ளும் சத்தம் முதல் சில மாதங்கள் நெஞ்சில் அடிக்கும். பிறகு பழகிவிடும். பழகிவிட்டதாக நினைத்த நாட்களில்தான் காது போய்க்கொண்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். மனைவி எதையாவது சொன்னால் சிரித்துத் தலையாட்டிச் சமாளித்தேன். ஒருநாள் சந்தைக்குள் நடந்துபோகும்போது பின்னால் ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ரிவர்ஸில் வந்திருக்கிறது. லோடுமேன் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார். அவர் வாய் அசைந்தது. திட்டுகிறார் என்று புரிந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு முதலாளி என்னை எடைமேடை அறைக்கு மாற்றினார். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்துக்கொண்டேன்.

மிஷின் வந்த அன்று ஆசையாகச் செய்த முதல் காரியம் பாட்டுக் கேட்டதுதான். பழைய சினிமாப் பாட்டு என்றால் எனக்கு உயிர். மனப்பாடமாக இருந்த ஒன்றைப் போனில் போட்டேன். வயலின்கள் தகரத்தைச் சுரண்டின. பாடகியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. மெட்டு போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேராமல் பக்கத்தில் எங்கோ போய் நின்றது. தலைக்குள் ஒரு பாட்டும் காதில் வேறொரு பாட்டுமாக ஓடியதில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

மிஷின் பொருத்திய இடத்தில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னேன்.

"இது பேச்சுக்காகப் பண்ண மிஷின் சார். பாட்டு பழக நாளாகும். சில பேருக்கு வராமலும் போகலாம். ஆனா கேக்கறத மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன். கல்யாண வீடுகளில் மேளம் தொடங்கினால் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவேன்.

என் மனைவி தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்கு வேலைக்குக் கிளம்ப, அவளும் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். படிப்பதும் எழுதுவதும் அவளுக்கு நன்றாகவே வந்தன. பேச்சுதான் வரவில்லை. பேச்சுத் தேர்வில் எதிரே உட்கார்ந்தவர் கேள்வி கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பகுதியில் மட்டும் தோற்றுப்போனாள். பிறகு, முதலில் காது பழகட்டும் என்று, டியூட்டி முடிந்து வந்ததும் போனில் ஒரு ஜெர்மன் வானொலியை வைத்துவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு மாலை, சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்து ஏதோ இசை தொடங்கியது.

"இன்னாது இது, கலீஜா கீது" என்று ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனை அணைக்கப் போனாள்.

"இரு. அப்டியே வுடு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதையாவது ஓடவிடச் சொல்லி ரொம்பக் காலமாகியிருந்தது.

முதலில் யாரோ ஒரு குழாயில் ஊதினார்கள். சுரம் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் தந்தியின் மேல் வில்லை அழுத்தி இழுக்கும் கரகரப்பு. பியானோவின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கம்பியைச் சுண்டுகிற மாதிரி ஒரு ஓசை. உலோகத்தில் உலோகம் உரசி நீண்டுபோகும் முனகல். நடுநடுவே எல்லாமே நின்றது. அடுத்தது எந்தப் பக்கமிருந்து வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பிட என் தலைக்குள் ஒன்றும் இல்லை. அதனால் எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. மிஷின் வைத்த பிறகு முதல் முறையாக, எனக்குக் கேட்டது சரியாகத்தான் கேட்கிறது என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா மாமா, காது வலிக்குதா?"

"இல்ல. நல்லா கீது."

"இதுவா?"

இசை முடிந்து அறிவிப்பாளர் பேசியதைக் கவனித்துக் கேட்டுச் சொன்னாள். "பதினாலு பேரு வாசிச்சாங்களாம். எழ்தனவரு இப்ப உயிரோட கீறவருதானாம். போன வருசம் எழ்தனதாம்."

ஜெர்மன் இசை என்றால் விக் வைத்த பழைய மனிதர்கள் எழுதியது என்றுதான் எங்கேயோ படித்திருந்தேன். இன்றைக்கும் அங்கே ஆட்கள் உட்கார்ந்து இப்படிப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. சிம்பொனி மாதிரி பெரிய கூட்டம் கிடையாது. ஒரு வாத்தியத்துக்கு ஒருவர் என்று பத்துப் பதினைந்து பேர்தான். அதற்கு என்செம்பிள் என்று பெயர். ஆள் குறைவு என்பதால் ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாகப் பிடிபட்டது. சாயங்காலம் ஆனால் தேடித் தேடிக் கேட்டேன். வயலினும் அதைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும் எங்கே பிரிகின்றன, டிராம்போன் என்ற பித்தளைக் குழல் வாயை மூடிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், எல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்தது. சில உருப்படிகள் எனக்கும் சகிக்கவில்லை. அவற்றை அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்மணி ஒருநாள் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். "இன்னாமா, மிக்ஸி ரிப்பேரா? ரொம்ப நேரமா கத்திகினே கீதே."

"மிக்ஸி இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு பாட்டு கேக்கறாரு" என்றாள் என் மனைவி.

அவர் என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, கேக்கட்டும்" என்று இறங்கிப் போனார்.

அந்தச் சமயத்தில் மனைவியின் ஜெர்மன் வகுப்பில் ஒரு செய்தி சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து இப்படி ஒரு குழு சென்னைக்கு வருகிறது, வகுப்பில் படிப்பவர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று. இருவரும் மெட்ரோவில் ஏறி நகரத்தின் தெற்குப் பக்கம் போனோம். நேரில் கேட்டால் வேறு மாதிரி ஆகிவிடுமோ என்று வழியெல்லாம் எனக்கு உதறல்.

ஆகவில்லை. முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தோம். வாசிப்பவர்களின் கை அசைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது போனில் கேட்டதைவிடப் பத்து மடங்கு தெளிவாக இருந்தது. ஒரு கட்டத்தில் எல்லோரும் அடங்கி, கிளாரினெட் வாசித்த பெண் மட்டும் இழையாக ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். நான் இன்னும் நன்றாகக் கேட்கக் காதோரம் கையைக் குவித்துச் சாய்ந்தேன். மனைவி என் தொடையைக் கிள்ளினாள். சுற்றிலும் தலைகள் திரும்பின. என் மிஷின் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கை பட்டால் அப்படித்தான் கீச்சிடும். அத்தனை மெல்லிய விசில் எனக்கு மட்டும்தான் கேட்காது. கையை எடுத்துவிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் ஓய்ந்ததும், "வா, கெளம்பிடலாம். மானமே போச்சு" என்று அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அதற்குள் கிளாரினெட் பெண் மேடையிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்துவிட்டார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் கையைக் கூப்பினேன்.

என் மனைவி ஜெர்மனில் பதில் சொன்னாள்.

அது அவளுக்கே தெரியாமல் நடந்தது என்று நினைக்கிறேன். என் காதைக் காட்டினாள். மன்னிப்புக் கேட்டாள். என்ன வேலையால் இப்படி ஆனது என்று சொல்லும் இடத்தில் 'இரும்பு' என்ற சொல் வரவில்லை. பக்கத்துப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள். "ஐசன்" என்று அந்தப் பெண் சொல்லை எடுத்துக் கொடுத்தார். "ஐசன், ஐசன்" என்று இவள் பிடித்துக்கொண்டு மேலே போனாள். அவர் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"அந்த விசில அவங்க ஆளுங்கள்ல யாரு வாசிக்கறாங்கன்னு மேடைல தேடிகினு இருந்தாங்களாம். நல்லா சேந்துதாம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் வீட்டில் என்னவெல்லாம் கேட்கிறேன் என்று அவர் விசாரித்தார். நான் தமிழில் சொல்ல, இவள் ஜெர்மனில் சொன்னாள். விளக்குகளை அணைக்க ஆள் வரும்வரை அங்கேயே நின்றோம்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நா பேசனன் இல்ல?" என்றாள்.

"பேசிகினே இருந்த. நிறுத்தவே இல்ல."

அடுத்த முறை பேச்சுத் தேர்வில் தேறிவிட்டாள். ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வேலையும் உறுதியாகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறாள். ஒரு வருடத்தில் நானும் போகலாம் என்று பேச்சு. நானும் இப்போது ஜெர்மன் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்கிறேன். பாதிச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். ஆசிரியைக்குப் பொறுமை அதிகம்.

அவள் போனபின் நான் போய்ச் சேரும்வரை எங்களுக்குப் போன்தான். போனில் வரும் குரல் எனக்கு இன்னும் சிரமம். அதனால் தினமும் பழகுகிறோம். அவள் மொட்டை மாடிக்குப் போய் அங்கிருந்து என்னைக் கூப்பிடுவாள். நான் கீழே அறையில் உட்கார்ந்து, எந்தச் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று இசைக்குக் காது கொடுப்பதுபோல அவள் பேச்சுக்குக் காது கொடுப்பேன். ஆரம்பத்தில் அவள் ரசம் என்றால் எனக்கு விஷம் என்று கேட்கும். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலிக்கும். நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் கன்டெய்னர் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"துணிலாம் காஞ்சிச்சு. மேல வந்து எட்துனு போ" என்றாள்.

ஒரு சொல்லும் தவறவில்லை. நான் கூடையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.