முப்பத்தோராம் நாளும் ஹேர்னிங் ரயிலும்

சனிக்கிழமை காலை 8.10. அல்பர்ட்ஸ்லுண்ட் நிலையத்தில் மழை. குடை பிடிக்கவும் வெட்கமாக இருக்கும், பிடிக்காமல் நின்றால் கழுத்து நனையும், அப்படி ஒரு மழை. மே மாதம் பிறந்துவிட்டது என்று யாரும் இந்த நாட்டு வானத்துக்குச் சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் ஹேர்னிங்குக்குக் காரில் தவிர வேறு விதமாகப் போனதில்லை. ரயிலில் போனால் எப்படி என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூரம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர். பென்சன்காரருக்கான கழிவோடு போவதற்கு மட்டும் 219 குரோனர். இரண்டு தரம் மாற வேண்டும். ஹோய தாஸ்ட்ரூப்பில் ஒன்று, வைலேயில் ஒன்று. என் வயதுக்காரர் ஹோய தாஸ்ட்ரூப்பில் மின்தூக்கியைப் பிடியுங்கள், படியில் ஏறாதீர்கள்.

நான் போனது ஒரு பட்டியலால்.

என் தம்பி பரமேஸ்வரனின் மூத்த மகன் கஜன் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன். ஹேர்னிங்கிலேயே பிறந்து, ஹேர்னிங் அணியிலேயே பின்காவலில் நிற்கிறான். தம்பி தையல் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல், விடிய ஆறு மணிக்கு அவனைப் பனித்தளத்துக்குக் கொண்டுபோவான். அப்படி வளர்ந்த பிள்ளை இந்த வருடம் தேசிய அணியின் பயிற்சி முகாம் வரை போய்விட்டான். உலகக் கிண்ணத்துக்கு இருபத்தைந்து பேர். அந்தப் பட்டியல் வியாழக்கிழமை வந்தது. எனக்கு டேனிஷ் வாசிப்பு மெத்தக் கஷ்டம். வசனங்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் தேடினேன். ஃபோனில் விரல் வைத்து மேலிருந்து கீழே மூன்று தரம் போனேன். அவன் பெயர் இல்லை.

அன்றிலிருந்து நான் எடுத்தால் ஃபோனைத் தூக்குகிறான் இல்லை.

8.46. ஹோய தாஸ்ட்ரூப்பில் பெரிய ரயில் வந்தது. யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ரொஸ்கில்ட தாண்டினால் மஞ்சள் மஞ்சளாக வயல். இங்கே எண்ணெய்க்குப் போடும் செடி பூத்திருக்கிற காலம். மழைக்குள் அந்த மஞ்சளும் அழுக்காகத்தான் தெரிந்தது. கோர்சோர் கழிந்ததும் ரயில் கடலுக்கு அடியில் இறங்குகிறது. நாலைந்து நிமிடம் இருட்டு, காது அடைக்கும். பிறகு ஒரு சின்னத் தீவில் வெளியே வந்து, மிச்சக் கடலைப் பாலத்தால் கடக்கிறது. அந்த இருட்டில் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் உங்களுக்கு விளங்காது.

தம்பி பங்குனியில் செத்துப்போனான். நெஞ்சு வருத்தம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் அந்தியேட்டியையும் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைக்கப் பழகிவிட்டார்கள். வேலைக்கு லீவு கிடைக்காது, மண்டபம் கிடைக்காது. ஐயரும் ஒத்துக்கொள்கிறார். இதுவும், பட்டியல் வருவதற்கு ஒரு கிழமை முன்னால், ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. கஜன் முகாமில் இருந்தான். அந்த வியாழனும் வெள்ளியும் இரண்டு பயிற்சி ஆட்டம். தம்பியின் மனைவி வசந்தி சொன்னாள், "மச்சாள், ஐயரே சொல்லுறார் அடுத்த சனிக்குச் செய்யலாம் எண்டு. பெடியன் விளையாடிப்போட்டு வரட்டுமே." நான் விடவில்லை. "முப்பத்தொண்டு எண்டால் முப்பத்தொண்டு. மூத்த மகன் இல்லாமல் ஆர் பிண்டம் வைக்கிறது? என்ரை தம்பி என்ன அனாதையோ?" என்று கேட்டேன். பிறகு நானே முகாமுக்கு ஃபோன் எடுத்து அவனைக் கூப்பிட்டேன். வந்தான். மொட்டை அடித்து, வேட்டி கட்டி, குறையில்லாமல் செய்தான். வந்த சனம் எல்லாம் மெச்சியது. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அவன் விட்டுவந்த இடத்தில் அந்த இரண்டு ஆட்டமும் இன்னொரு பெடியன் நின்றான். பட்டியலில் இருப்பது அவன் பெயர்.

10.58. வைலே. இங்கே ஹேர்னிங் ரயிலுக்கு மாறினேன். இரண்டே பெட்டி. அதற்குள் கோயில் திருவிழா மாதிரிக் கூட்டம். எல்லாரும் சிவப்புச் சட்டை, கன்னத்தில் நாட்டுக் கொடியின் வெள்ளைச் சிலுவை, கையில் பியர் தகரம். பிற்பகல் மூன்று மணிக்கு ஹேர்னிங்கில் தேசிய அணி நோர்வேயோடு விளையாடுகிறது, உலகக் கிண்ணத்துக்கு முன் கடைசி ஆட்டம். நாலு பேர் இருக்கும் இருக்கையில் எனக்கு இடம் விட்டார்கள். எதிரே ஒரு தாடிக்காரரும் அவர் மனைவியும். என் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர், ஐம்பது ஐம்பத்தைந்து வயது, அவரும் சிவப்புச் சட்டை.

"அக்காவும் மட்ச்சுக்கோ?" என்று கேட்டார். பெயர் குகன், வைலேயில் களஞ்சியத்தில் வேலையாம். தவறாமல் போகிறவராம்.

"சொந்தக்கார வீட்டை போறன்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை.

ரயில் யெல்லிங் நிலையம் வரமுதலே பட்டியலைப் பற்றித் தர்க்கம் தொடங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் நின்றவள் நான். டேனிஷ்காரர் எவ்வளவு கெதியாய்க் கதைத்தாலும் காது பிடிக்கும். அவர்கள் டேனிஷில் கதைத்ததை என் பாஷையில் எழுதுகிறேன். பக் என்பது அவர்கள் மட்டையால் அடிக்கிற ரப்பர் வட்டு.

"எட்டுப் பின்காவலிலை ஆறு பேர் சுவீடனிலை விளையாடுறவை" என்றாள் மனைவி. "சுவீடன் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறதோ? எங்கடை ஊரிலை விளையாடுறவனை ஆர் பாக்கிறது?"

"கஜனுக்குப் பதிலாய் எடுத்த நாப்பத்திநாலாம் இலக்கத்துக்கு இருபத்தொரு வயசு. காத்து மாதிரி ஓடுறான்" என்றார் தாடிக்காரர்.

"ஓடி என்ன? பக்கை எதிரியின்ரை காலிலை குடுத்துப்போட்டு ஓடுறான். கஜன் எண்டால் உடம்பைக் குடுத்து மறிப்பான். ஒராள் குறைஞ்சு நிக்கேக்கை உனக்கு ஆர் வேணும், ஓடுறவனோ மறிக்கிறவனோ?"

"மறிக்கிறவன் முகாமிலை எல்லோ நிண்டிருக்கவேணும். உலகக் கிண்ணத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்கை குடும்ப விசயம் எண்டு வீட்டை போனவனாம். என்ன குடும்ப விசயம்? ஆற்றையோ கலியாணக் கொண்டாட்டமாய் இருக்கும். இவையளின்ரை கலியாணம் மூண்டு நாள்."

பக்கத்து இருக்கைகளிலும் சிரித்தார்கள். குகனுக்குப் பொறுக்கவில்லை. டேனிஷில் தாடிக்காரரோடு சண்டை பிடித்தார், கலியாணம் இல்லை, தகப்பன் செத்த சடங்கு என்று. தாடிக்காரர் நம்பவில்லை. செத்தவீடு ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டதாகப் பேப்பரில் வந்ததாம். குகன் என் பக்கம் திரும்பித் தமிழில் பொரிந்தார்.

"பாருங்கோ அக்கா. பெடியனிலை ஒரு பிழையும் இல்லை. ஐயரே நாளை மாத்தலாம் எண்டு சொன்னவராம். வீட்டிலை ஒரு கிழவி ஒற்றைக் காலிலை நிண்டு கூப்பிட்டதாம். எங்கடை ஆக்களுக்கு எங்கை பிடிவாதம் பிடிக்கிறது எண்டு தெரியாது. ஒரு தமிழ்ப் பெடியன் இந்த நாட்டுக்கு விளையாடியிருப்பான். கெடுத்துப்போட்டுது."

நான் யன்னலைப் பார்த்தேன். கீவ நிலையம் வந்தது, போனது. ஒருவரும் இறங்கவில்லை. பொய் சொல்லி என்ன, இறங்கிவிடலாமோ என்று எனக்குத்தான் இருந்தது. ஆனால் ஒளிந்து பழக்கமில்லை.

எழும்பி, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். "கொண்டாட்டம் இல்லை. அவன்ரை தகப்பன் என்ரை தம்பி. முப்பத்தோராம் நாள் மகன் செய்யவேண்டிய கடமை இருக்கு. நான்தான் அவனைக் கூப்பிட்டனான். அந்தக் கிழவி நான்."

கடைசி வசனத்தைத் தமிழிலும் சொன்னேன், குகனுக்காக.

பியர்த் தகரத்தை மடியில் இறக்கினார் தாடிக்காரர். குகனின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது.

"அக்கா, தெரியாமல் கதைச்சுப்போட்டன்" என்று எழும்பினார்.

"தெரிஞ்சிருந்தால் மெல்லமாய்க் கதைச்சிருப்பீர். அவ்வளவுதான். இரும்."

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றித் துக்கம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு, "உண்மையைச் சொல்லட்டோ?" என்று கேட்டார். மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் நிற்கவில்லை. "நீங்கள் உங்களை நோகாதேங்கோ. அவர் நல்ல விளையாட்டுக்காரர். ஆனால் பின்பக்கமாய்ச் சறுக்கித் திரும்பேக்கை மெதுவு. அந்த ரெண்டு ஆட்டமும் நிண்டிருந்தாலும் நான் அவரை எடுத்திருக்கமாட்டன்."

ஆறுதலுக்குச் சொன்னது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். இருந்த பிறகுதான் யோசித்தேன். மனுசன் என் தலையிலிருந்த பாரத்தைத் தூக்கத்தானே பார்த்தார். நான் ஏன் விடவில்லை? தம்பியின் பிள்ளை போதாது என்று கேட்பதைவிட, நான் கெடுத்தேன் என்று கேட்பதே எனக்குப் பொறுக்கக்கூடியதாக இருந்தது.

அதன்பிறகு ப்ராண்ட, பிறகு மரங்கள், பிறகு தட்டையான நிலம். ஒருவரும் பட்டியலைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர்களுடைய சந்தோசத்தையும் நான் கெடுத்துவிட்டேன்.

11.55. ஹேர்னிங். நிலையத்திலிருந்து தம்பி வீட்டுக்கு நடை பதினைந்து நிமிடம். கஜன்தான் கதவைத் திறந்தான். மொட்டைத் தலையில் முள் முள்ளாக மயிர் முளைத்திருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"மாமி, தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டு, பையை வாங்கினான். ஃபோனைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வசந்தி எனக்குச் சோறு போட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் "நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது.

சாப்பிட்டு முடித்து, கை கழுவாமலே கேட்டேன். "நான் கூப்பிட்டதாலையோ?"

அவன் முதலில் டேனிஷில் தொடங்கினான், பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தான். "தெரியாது மாமி. ட்ரெயினர் ரெண்டு நிமிஷம்தான் கதைச்சவர். இந்தமுறை இல்லை எண்டார். ஏன் எண்டு சொல்லேல்லை."

"நீ கேட்கேல்லையோ?"

"கேட்கிறேல்லை."

"நான் கூப்பிடாட்டி வந்திருப்பியோ?"

அதற்கு அவன் கொஞ்சம் யோசித்தான். எனக்குப் பிடித்த பதிலைச் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. "அதுவும் தெரியாது" என்றான்.

மூன்று மணி. ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். யாருக்காவது காயம் பட்டால் கூப்பிடுவார்களாம், அதனால் அவன் ஊரைவிட்டு அசையக்கூடாதாம். சறுக்குச் சப்பாத்துப் பை காரின் பின்னால் தயாராக இருந்தது. போகாதவர்களுக்குச் சொல்கிறேன், மே மாதமானாலும் அந்த மண்டபத்துக்குள் கனத்த கோட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். கால் வழியாகக் குளிர் ஏறும். பனியில் சப்பாத்துக் கத்திகள் உரசுவது தேங்காய் துருவுகிற சத்தம். பக் ஓரப் பலகையில் அடிப்பது யாரோ கோபத்தில் கதவை அறைகிற சத்தம். படியில் ஏறும்போது ஆட்கள் கஜனின் தோளைத் தட்டி, "நீதான் நிக்கவேண்டியது" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்க நான் பனியைப் பார்த்தேன்.

நாற்பத்துநாலாம் இலக்கம் உண்மையாகவே காற்றுத்தான். இரண்டாம் பகுதியில் நோர்வேக்காரன் ஒருவன் அவனைப் பின்னால் வந்து மோதினான். பலகையில் தலை அடிபட்டு, முகம் குப்புற விழுந்தான். விசில் ஊதினார்கள். மூன்று வரிசை முன்னால் ஒரு பெண் எழும்பி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அவன்ரை அம்மா" என்றான் கஜன்.

அது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் நான் சொன்னேன். மனதுக்குள் என்று நினைத்தேன், உதடும் அசைந்திருக்கிறது. "எழும்பாதை, மோனை."

அவன் எழும்பவில்லை என்றால் கஜன் போவான். கஜன் போனால் நான் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். அவ்வளவு கணக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பெற்றவள் முன்னால் நிற்கும்போதே.

அவன் முழங்காலில் எழும்பினான், பிறகு காலில். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். எங்கள் வரிசையில் முதலில் எழும்பித் தட்டியது கஜன். என் கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன. நோர்வே வென்றது.

ஞாயிறு காலை 9.20. கஜன் காரில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. அல்பர்ட்ஸ்லுண்டில் எந்நேரமும் ரயில், எந்நேரமும் ஆள். ஹேர்னிங்கில் ஞாயிறு காலை மேடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு புறாவும்தான். இப்படி வெறிச்சோடிய இடத்தில் ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

"மாமி, நேற்று அந்தப் பெடியன் விழுந்துகிடக்கேக்கை ஏதோ சொன்னீங்கள். எனக்கு வடிவாய்க் கேக்கேல்லை. என்ன சொன்னனீங்கள்?"

"எழும்பு மோனை எண்டு சொன்னன்" என்றேன்.

தலையாட்டினான். "நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன்."

ரயில் வந்தது. பையை ஏற்றிவிட்டு, கதவு சாத்தும் வரைக்கும் நின்றான்.

ரயிலில் முன்பின் தெரியாத டேனிஷ்காரருக்கு எழும்பி நின்று உண்மை சொன்னவள், வளர்ந்த மருமகனுக்கு ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மண்டபத்தில் சொன்னதை இங்கே சொன்னபடியே எழுதிவிட்டேன். கஜனுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்கத் தெரியாது.