தன் பெயரில் ஒரு இறந்தோர் பூசை

மனைவியை அடக்கம் செய்த கையோடு இந்த நகரத்துக்கு வேலைக்கு வந்தவர் அந்த லிப்ட் மெக்கானிக். ஏழு வருடமாக ஞாயிறு தவறாமல் பெரிய மாதா கோயிலில், தூணோரமாக நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருப்பவர்கள் கும்பிடுவார்கள். கும்பிட்ட கை இறங்குமுன் முகம் திரும்பிவிடும். எங்கே லிப்ட் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். இங்கே அவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மனைவியின் நினைவு நாளுக்குப் பூசை கேட்டு, கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருவர் பெயரையும் கொடுத்தார். அங்கிருந்த புண்ணியவான் இடம் மாற்றி எழுதிவிட்டார். ஞாயிறன்று சாமியார் வாசித்தார்: பூசை ஒப்புக்கொடுப்பவர் மனைவி, ஆன்ம இளைப்பாற்றி வேண்டுவது இறந்துபோன புருஷனுக்கு!

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தகப்பன் பெயரோடு முழுப்பெயர். யாராவது பதறித் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். முந்நூறு பேரும் ஒரே குரலில் அவர் ஆன்மாவுக்காக மன்றாடினார்கள். பக்கத்து ஆள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மன்றாடினார்.

அடுத்த ஞாயிறு, பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருந்த சின்னக் கோயிலுக்குப் போனார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்தினாள்.

"புதுசா இருக்கீங்களே அண்ணே, பேரென்ன?"

சொன்னார். அவள் அந்தப் பெயரை உள்ளே பார்த்து உரக்கச் சொல்லி, "வந்திருக்காங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா" என்றாள். பெஞ்சு நகர்ந்தது. அவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.