இடைவெளி இல்லாத ஆல்பங்கள்

கேட்பவனை மயக்கத்தில் ஆழ்த்துகிற சைக்கடெலிக் ராக் இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. செஞ்சியில் அதைக் கேட்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் ஆரம்பிப்பதும் இல்லை. காலையில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். விற்பவர், வாங்குபவர், நாலு பக்கத்து எல்லை, சாட்சி என்று மதியம் வரை ஓடும். பக்கத்து மேசைக்காரரிடம் ஒருமுறை ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டவர், "மிக்சி ரிப்பேரா இருக்குது போல" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிட்டது.

ஆனால் இணையத்தில் எனக்கு ஒரு குழு இருக்கிறது. யார் எங்கிருந்து எழுதுகிறார்கள் என்றே தெரியாது. கட்டாயம் கேட்டாக வேண்டிய ஆல்பங்கள் எவை என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சண்டை வரும். நானும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவேன். இங்கே எந்த ஆல்பத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தச் சண்டை இங்கேயும் தொடங்கிவிடும்.

கருத்தை மட்டும் சொல்கிறேன். வண்ணம் சுழல்கிறது, வானம் உருகுகிறது என்று பாட்டிலேயே எழுதிவைப்பவர்களை நான் நம்புவதில்லை. கேட்பவனுக்கு உருக வேண்டியதை எழுதுபவன் சொல்லிவிட்டால் பிறகு கேட்பவனுக்கு என்ன வேலை? நல்ல பாட்டில் வார்த்தை குறைவாக இருக்கும், சாதாரணமாகவும் இருக்கும். யாரோ கதவைத் திறக்கிறார், தேநீர் ஆறிப்போகிறது, அவ்வளவுதான். கீழே பேஸ் கிதார் மட்டும் தரையை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும். சிதாரைக் கொண்டுவந்து நடுவில் செருகினால் ஆழம் வந்துவிடும் என்று நினைத்த ஆட்களை மன்னிக்கலாம், அவர்கள் சிறுபிள்ளைகள். ஆனால் மயங்காமலே மயங்கியதுபோல் பாசாங்கு செய்கிற பாடகனை மன்னிக்க மாட்டேன். மெட்டு இல்லாதவன்தான் எதிரொலியைக் கூட்டிவைப்பான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கக் கூடாது. ஒன்று முடிவது தெரியாமல் அடுத்தது உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆல்பம்தான் ஆல்பம், மற்றதெல்லாம் பாட்டுகளின் மூட்டை என்று குழுவில் எழுதிக் கைதட்டலும் வாங்கினேன். அந்த ஆல்பத்தை நடுவில் நிறுத்துவது பாவம் என்றும் எழுதினேன். பாவம் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

என் அப்பா, எனக்கு நைனா, போன வருடம் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு இருக்கிறது, ஆனால் குரல் தேய்ந்துவிட்டது. எங்கள் ஊர் சிங்கவரத்தில் மணிலாக்கொட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டும்போது அவர் கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து கத்தினால் அந்தக் கோடியில் மோட்டார் கொட்டகையில் இருக்கும் எனக்குக் கேட்கும். இப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தாலும் காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். டவுனில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். காலையில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். என் மனைவி அவலூர்பேட்டையில் ஆசிரியை, பஸ் பிடித்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். மதியம் முழுவதும் என் பொறுப்பு.

பொறுப்பு என்று நான் செய்தது இதுதான். சோறு ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டு, சொம்பில் தண்ணீரும் டம்ளரும் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியில் சாய்ந்து ஹெட்போனை மாட்டுவேன். காது முழுக்க மூடுகிற வகை. சார்ஜில் ஓடும் சத்தத் தடுப்பு இருப்பதால் வெளிச்சத்தம் உள்ளே வராது, அதற்காகத்தான் விலை. கண்ணை மூடிக்கொள்வேன். நைனாவும் மதியத்தில் தூங்குவார் என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லியும் இருந்தேன். அவர் தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் கிருமி, தண்ணீர் போதவில்லை, இன்னொரு முறை வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றார் டாக்டர். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைக்கச் சொன்னார். நான் விழுந்து விழுந்து கவனித்தேன் என்றுதான் எனக்கு நினைப்பு. மதியம் சொம்பை நிறைத்து வைப்பேன். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தால் சொம்பு அப்படியே இருக்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"இன்னா நைனா, சின்னப் புள்ளையா நீ? தண்ணி குடிக்கறதுக்கு இன்னா கஷ்டம்?"

"தாகம் இல்லப்பா" என்பார்.

டாக்டரிடமும் அவரைப் பற்றிப் புகார் சொன்னேன். நைனா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மதியம். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கன் மெல்ல ஏறி, கிதார் அதன்மேல் விழப்போகிற இடம். சட்டென்று எல்லாம் நின்றது. ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்து, சத்தத் தடுப்பும் நின்றுவிட்டது. என் மனதில் முதலில் வந்தது எரிச்சல்தான், அதை மறைத்துப் பயனில்லை. கண்ணைத் திறக்காமலே உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது அறையில் ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"முடிஞ்சிடும்... இதோ முடிஞ்சிடும்... இன்னும் கொஞ்சம்தான்."

கண்ணைத் திறந்தேன். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த என் கால் இப்போது நின்றிருந்தது. இடது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பார்ப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார். "அந்த பாட்டில எடுப்பா."

மூத்திரம் பிடிக்கிற பாட்டிலைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னைவிட அவர் அதிகமாகக் கூசினார். ஈரத்தைத் துடைத்து, வேறு வேட்டி சுற்றிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் நைனா, கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

"கூப்ட்டா கேக்காதே உனுக்கு."

"டம்ளரத் தட்டலாம் இல்ல?"

"ஒருவாட்டி தட்டனேனே."

எனக்கு நினைவு வந்தது. அன்றைக்குக் கண்ணைத் திறந்து, எழுந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"மொகம் சொல்லுச்சி" என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "அது தப்பில்லப்பா. பாத்தி நெறையறப்போ எவனாச்சும் கூப்ட்டா எனுக்கு வராத கோவமா? மடைய வுட்டுட்டு வர முடியுமா? நீயும் ஒரு வேலையா இருக்கற. முடிச்சிட்டு வருவன்னு பாத்துக்கினு இருப்பேன். சில பாட்டுல நடுவுல காலு நிக்கும், கண்ணு தெறப்ப. அப்ப கையத் தூக்கிடுவேன். சிலது வுடவே வுடாது" என்றார்.

சிலது விடவே விடாது. என் வாழ்க்கையில் ஆல்பங்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் தேடித் தேடிச் சேர்த்ததும், குழுவில் மார்தட்டிப் பேசியதும் அந்த விடவே விடாதவற்றைத்தான். நைனா அவற்றின் முழு நீளத்தையும் அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு கேட்டிருக்கிறார். தண்ணீர் குடித்தால் அடக்க முடியாது என்பதால் குடிக்காமலும் இருந்திருக்கிறார். நான் அவரைச் சின்னப் பிள்ளை என்று திட்டினேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் கொடியில் வேட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"மாமா நான் வந்தப்புறம்தான் மடமடன்னு குடிப்பாரு. வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்றாள். கைப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வீட்லதான இருக்கீங்கன்னு நம்பிக்கினு போறேன்" என்றாள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் ஹெட்போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நைனா என்னையும் என் வெறும் காதையும் பார்த்தார்.

"பாட்டு கேக்கல?"

"இல்ல நைனா. இன்னிக்கி வேணாம்."

"என்னாலதான?"

இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியும் நம்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை நனைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மகனுக்கு இருக்கும் ஒரே சந்தோஷத்தைத் தான் பிடுங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றிவிட்டது. இப்போது குற்றவாளி அவர். நான் செய்த தப்பை என் கையிலிருந்தே பிடுங்கி அவர் சுமந்துகொண்டுவிட்டார். அந்த வாரம் அவர் குடித்த தண்ணீர் முன்னைவிடக் குறைவு. காய்ச்சல் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் அடிக்கடி அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். "எனுக்காக மெதுவா வெச்சிக்கினு கேக்கறியா" என்று வருந்தினார். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டும் பார்த்தேன். பழைய பதிவுகளில் பாடுபவன் குரல் ஒரு காதிலும் டிரம் இன்னொரு காதிலும் ஒலிக்கும். பாதி பாட்டு கேட்கிற என் முகத்தை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். என் முகத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

கடைசியில் பீரோவைத் திறந்து ஹெட்போனை எடுத்தேன். வழக்கம்போல எதிரே போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். எதையும் ஓடவிடவில்லை. அதன் சத்தத் தடுப்பையும் அணைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத காதோடு, காலை ஆட்ட ஆரம்பித்தேன். தலையையும் கொஞ்சம் ஆட்டினேன். மயங்காமல் மயங்கிய பாவனை. தெருவில் ஆட்டோ போகிற சத்தமும் நைனா மூச்சுவிடுகிற சத்தமும் நன்றாகக் கேட்டன. கொஞ்ச நேரத்தில் காலை நிறுத்திக் கண்ணைத் திறந்தேன். நைனா இடது கையைத் தூக்கினார். தண்ணீர் கேட்டார். குடித்தார்.

இப்போது தினமும் மதியம் இதுதான் நடக்கிறது. என் காலில் ஓடும் பாட்டுகள் எல்லாம் ரொம்பச் சின்னவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு தாராளமாக இடைவெளி விடுகிறேன். குழுவில் நான் எழுதி நாளாகிவிட்டது. உண்மையில் கேட்பதெல்லாம் மனைவி வந்த பிறகு மொட்டை மாடியில்தான், அதுவும் முன்போல உள்ளே இழுப்பதில்லை. நைனாவை ஏமாற்றுகிறேன் என்ற உறுத்தல் பழைய உறுத்தலோடு சேர்ந்துகொண்டது. சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். சொன்னால் சொம்பு மறுபடியும் நிறைந்தே இருக்கும்.

நேற்று மதியம் நான் கால் ஆட்டுவதை நிறுத்தியதும் கையைத் தூக்கினார். பாட்டிலைப் பிடித்து, எடுத்துக் கொட்டிவிட்டு வந்து டம்ளரை நீட்டினேன். பாதி குடித்துவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"அடுத்தது பெருசா?"

"இல்ல நைனா, சின்னதுதான்."

மிச்சத்தையும் குடித்தார்.