சுகந்தி அக்காவின் துவக்கு

டொராண்டோவில் எனக்குத் தங்க இடம் தந்திருக்கும் சுகந்தி அக்கா, நகருக்கு வெளியே உள்ள துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னையும் அழைத்து வந்திருக்கிறார். நகரின் மல்வேர்ன் பகுதியில் பஸ் ஓட்டுபவர். போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. இனித் துப்பாக்கி சுடும் போட்டிகளை விட்டுவிடும்படி எல்லோரும் சொல்லிவிட்டார்களாம்.

இன்று தன் கைத்துப்பாக்கியை ஒரு சட்டகத்துக்குள் பொருத்துகிறார். பின்னால் தோளில் ஊன்ற ஒரு கட்டை, முன்னால் இடது கைக்கு ஒரு பிடி. கைத்துப்பாக்கி குட்டி ரைபிளாகிவிடுகிறது. பாரம் மணிக்கட்டை விட்டுத் தோளுக்குப் போகிறது.

"பயமில்லையா அக்கா?"

"ஊரிலை துவக்கைக் கண்டு ஓடின ஆள்தான் தம்பி நான். இஞ்சை முன்னாலை நிக்கிறது வெறும் கடதாசி. ஆரும் ஓடத் தேவையில்லை."

சுடுகிறார். இலக்குத் தாள் கம்பியில் எங்களிடம் நகர்ந்து வருகிறது. ஓட்டைகள் எல்லாம் நடு வட்டத்துக்குள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர் கை தட்டுகிறார்.

"போட்டோ எடும் தம்பி. என்ரை கை போச்செண்டு சொன்னவைக்கு அனுப்பவேணும்."

முறிந்த கையாலேயே தாளை உயர்த்திப் பிடிக்கிறார்.