கழுவிய தக்காளி

தக்காளி சாண்ட்விச் செய்ய ஒரு வித்தையும் தேவையில்லை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. முதலில் ரொட்டி. மோட்டார்சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை நிறுத்தி, வெட்டாத வெள்ளை ரொட்டியாகக் கேட்டு வாங்கி, வீட்டில் கனமாக வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு துண்டிலும் ஓரம்வரை பட்டர் பூச வேண்டும். பூசாத இடத்தில் சாறு இறங்கி ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். தக்காளியையும் கனமாகத்தான் நறுக்க வேண்டும். உப்பு, மிளகுத்தூள், அவ்வளவுதான். உடனே கடிக்க வேண்டும். சாறு முழங்கைவரை வழியாவிட்டால் அது தக்காளியே இல்லை. மலையில் காயாகப் பறித்து லோரியில் ஏற்றி பாசாருக்கு வரும் சரக்கை நான் என்றைக்கும் தக்காளி என்று ஒப்புக்கொண்டதில்லை. செடியில் பழுக்க வேண்டும்.

இவ்வளவும் பேசுகிற எனக்குத் தக்காளி ஆகாது. சர்க்கரை வியாதி என் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. கிள்ளானில், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துக் கடை வரிசையின் மாடியில் ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. ஒன்று விட்டு ஒரு நாள் அங்கே போய் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். தக்காளியில் பொட்டாசியம் அதிகம், அது உடம்பில் ஏறினால் இதயம் பேசாமல் நின்றுவிடும் என்று மிஸி முதல் நாளே சொல்லிவிட்டார். நர்சை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம்.

அன்றிலிருந்து என் மனைவி சமையலறைக்குக் காவல்காரி ஆனாள். எந்தக் காயானாலும் சன்னமாக நறுக்கி, பேசினில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவாள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுவாள். பொட்டாசியம் போய்விடுமாம். கூடவே ருசியும் போய்விடும். உப்பு பேருக்குத்தான். என் நாக்கு செத்துவிட்டது. குடிக்கத் தண்ணீரும் அளவுதான். ஒரு சின்னப் போத்தல், ஒரு நாள் முழுக்க.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆகாததைத் தின்ன ஆசை வந்தால், மெஷினில் மாட்டிய முதல் மணி நேரத்தில் தின்றுவிட வேண்டும். மீதி நேரத்தில் மெஷின் அதைக் கழுவிவிடும் என்று நம்பிக்கை. மிஸிக்கும் தெரியும். அளவாக இருந்தால் கண்டும் காணாமல் போய்விடுவார். பக்கத்து நாற்காலி அங்கிள் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு மாம்பழம் கொண்டுவருவார். "வாயைக் கட்டியே சாகணுமா, லா?" என்று கேட்டுக்கொண்டே தின்பார். ஒரு நாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அங்கிள் எங்கே என்று மிஸி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரமே சுங்கை பூலோவுக்குப் போய், நாற்றுப்பண்ணையில் ஒரு தக்காளிக் கன்று வாங்கினேன். செத்துப்போவதற்குள் ஒரே ஒரு நல்ல தக்காளி சாண்ட்விச் தின்ன வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பண்ணைக்காரர் தலையை ஆட்டினார். "இந்தச் சூட்டுல பூ நிக்காது, அங்கிள். கத்தரி வைங்க." கத்தரிக்காய் சாண்ட்விச் யாராவது தின்பார்களா? கன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய பெயிண்ட் டின்னில் மண் நிரப்பி, வீட்டுக்கு வெளியே நடைபாதையில் வைத்தேன். அவர் சொன்னபடியே பூக்கள் பூத்துப் பூத்து உதிர்ந்தன. காய் பிடிக்கட்டும் என்று தினமும் பூக்காம்பை விரலால் சுண்டிவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாளித் தண்ணீரை அந்தச் செடி சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒரு செடியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது. பறவை கொத்தாமல் பழைய கொசுவலைத் துண்டால் மூடிக் கட்டினேன். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சிவக்கச் சிவக்க மனைவியின் முகம் வெளுத்தது.

"முதல் மணி நேரத்துல மட்டும்தான்," என்றாள். "பாதிப் பழம்தான்."

"முழுப் பழம்."

அவள் அன்று ஜெபத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தாள்.

டயாலிசிஸ் நாள் காலையில் பழத்தை நானே பறித்து, முகர்ந்து பார்த்து, அவள் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். முகம் மழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். பேசினில் மதியத்துக்கான முட்டைக்கோஸ் ஊறிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் என் தக்காளி. சன்னமாக நறுக்கப்பட்டு, விதையெல்லாம் தனியாக மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

அவள் என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஐயோ, கைப்பழக்கத்துல போட்டுட்டேங்க."

நான் எரிந்து விழுந்தேன். "ரத்தத்தை அவங்க கழுவுறாங்க. சோத்தை நீ கழுவுறே. இன்னும் என்னத்தைத்தான் கழுவப் போறே?" பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அவள் தக்காளித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, டிஷ்யூவில் ஒற்றி, பட்டர் பூசிய ரொட்டியில் அடுக்கினாள்.  மிளகுத்தூளை மட்டும் நிறையப் போட்டாள்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் சாண்ட்விச்சைப் பிரித்தேன். ரொட்டி இருந்தது, பட்டர் இருந்தது, மிளகு இருந்தது. தக்காளி ஈரத் துணியைப் போல இருந்தது. முழங்கையை ஒட்டிய குழாயில் என் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மிஸி வந்து, "செடாப், அங்கிள்?" என்று மலாயில் ருசியைப் பற்றிக் கேட்டார். செடாப் என்றேன். கடைசித் துணுக்குவரை தின்றேன். அழுகையாக வந்தது. மிஸி மெஷினைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் வீடு திரும்பியபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அதே முட்டைக்கோஸ். ஊறவைத்து, வேகவைத்து, இரண்டு தண்ணீரும் கொட்டிய வெளிறிப்போன முட்டைக்கோஸ். அவளுக்கு ஒரு வியாதியும் கிடையாது.

"நீ ஏன் இதைச் சாப்பிடறே?"

"எப்பவும் இதைத்தானே சாப்பிடறேன்," என்றாள். "உங்க முன்னாடி வாசனையா ஆக்கித் தின்ன எனக்கு மனசு வருமா?"

என் வாயைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, எதிரில் இருந்த தட்டை நான் பார்த்ததே இல்லை. காலையில் நறுக்கிய பலகை இன்னும் மேடையில் கிடந்தது. அதன்மேல் தக்காளியின் காம்புப் பக்கத்துத் துண்டு, தண்ணீரில் விழாமல் தப்பியது, ஓரம் சற்றுக் காய்ந்து கிடந்தது. எடுத்தேன். செடியின் வாசனை அதில் அப்படியே இருந்தது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. முதல் மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

அலமாரியின் மேல்தட்டில், எனக்கு எட்டாது என்று அவள் நினைத்து வைத்திருந்த உப்புப் போத்தலை எடுத்தேன். துண்டின்மேல் தாராளமாகத் தூவி அவள் வாயருகே நீட்டினேன்.

"தின்னு."

தின்றாள். முகம் சுருங்கியது. "ஐயோ, இவ்வளவு புளிப்பா! உப்பு கரிக்குது," என்று எழுந்தாள். அவளுக்கும் நாக்கு செத்துப்போயிருந்தது. குழாயடிக்குப் போய் ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் பிடித்து, மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. கிளாஸை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எனக்கு வியாதி வந்த பிறகு அவள் என் எதிரில் தண்ணீர் குடித்ததே இல்லை. அதுவும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னொரு கிளாஸ் குடி," என்றேன். "இங்கேயே நின்னு குடி."