வாகீசனின் ஸ்பானியப் பிள்ளையார்

பேராசிரியர் வாகீசன் ஸ்பானிஷ் படித்தது மொழிமேல் கொண்ட காதலால் அல்ல. ரொறன்ரோவில் அகதியாக வந்திறங்கி, பல்கலைக்கழகத்தில் பதிவதற்குக் கடைசி நாளில் போய் நின்றார். இடம் இருந்தது அந்த வகுப்பில் மட்டும்தான். நகரின் மல்வேர்ன் பகுதியில் இருந்த சொந்தக்காரர் எல்லாம் சிரித்தார்கள். "உதைப் படிச்சுப்போட்டு என்ன, மாட்டுச் சண்டைக்கோ போகப் போறீர்?" என்று கேட்டார் இராஜரட்ணம் அண்ணை. பிறகு வாகீசன் டொக்டர் பட்டம் வாங்கியபோது, அதே அண்ணைதான் முதல் ஆளாக வந்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

அவரைப் பேராசிரியராக்கியது ஒரு சுழி. பழைய ஸ்பானியக் கையெழுத்துப் பிரதி ஒன்றில், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சின்னதாய் ஒரு வளைவு இருந்தது. மற்றவர்கள் கண்டும் காணாமல் போனார்கள். கணக்குச் சோதனைத் தாளில்கூடப் பிள்ளையார் சுழி போட்டு வளர்ந்த வாகீசனோ, அது எழுதத் தொடங்குமுன் கடவுளை நினைத்துப் போட்ட குறி என்று முந்நூறு பக்கம் எழுதித் தள்ளினார். அறிஞர்கள் தலையாட்டினார்கள். வேலை நிரந்தரமானது, நகரின் ரூஜ் பகுதியில் வீடும் வந்தது.

ஓய்வுபெற ஒரு வாரம் இருக்கையில், மட்ரிட்டிலிருந்து தெரிந்த நூலகர் ஒருவர் சில படங்களை அனுப்பினார். அதே பிரதியை எழுதியவனின் இன்னொரு ஏடு. கடைசிப் பக்கம் முழுக்க அதே சுழி, நாற்பது தடவை. கீழே அவன் கையாலேயே ஒரு வரி: "இந்தப் பாழாய்ப்போன மை இறங்கவே மாட்டேன் என்கிறது. சுழித்துச் சுழித்துக் கை வலிக்கிறது."

வாகீசன் அந்த வரியை மூன்று தடவை வாசித்தார். வெள்ளிக்கிழமை பிரியாவிடைப் பேச்சு; தலைப்பே அந்தச் சுழிதான். படங்கள் வேறு எவருக்கும் போகவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால், கேக்கை வெட்டிவிட்டு மரியாதையோடு வீட்டுக்கு வரலாம்.

"முப்பது வருசமா பொய்யோ சொல்லியிருக்கிறன்?" என்று மனைவி யோகராணியிடம் புலம்பினார்.

"அது பொய்யில்லை, பிழை. இனிச் சொல்லாமல் விட்டாத்தான் பொய்," என்றார் யோகராணி, தேத்தண்ணியை வைத்தபடி. "பிள்ளையார் இவ்வளவு காலமும் சோறு போட்டவர். இனியாவது அந்த மனுசனை விடுங்கோ, பாவம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போய் மேசையில் உட்கார்ந்தார். எதையும் முதலில் கையால் எழுதுவதுதான் அவர் வழக்கம். "நான் எழுதிய முந்நூறு பக்கமும் தவறு" என்று பேச்சின் முதல் வரியை எழுதி முடித்தார்.

எட்டிப் பார்த்த யோகராணியின் விரல் தாளின் உச்சியில் போய் நின்றது. அங்கே ஒரு பிள்ளையார் சுழி.

"உது என்ன?"

"மை வருதோ எண்டு பாத்தனான்," என்றார் வாகீசன்.