எந்தக் குழாயை முதலில் மூடுவது?

குழாய் ரிப்பேர்காரருக்குத் தெருவே வைத்த பெயர் 'இதோ வந்துட்டேன்'. யார் போன் பண்ணினாலும் அவர் வாயில் வரும் முதல் பேச்சு அதுதான். தங்கமான மனிதர். சொன்ன நேரத்துக்குப் போகமாட்டாரே தவிர, போகாமல் இருக்கமாட்டார்.

ஒருநாள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலேயே குழாய் ஒழுகுகிறதென்று போய் நின்றார். அவர்தான் அப்பா என்று தெரிந்ததும் மகளின் வகுப்பு டீச்சர், "ஊர்லேருந்து எப்ப வந்தீங்க?" என்றார்.

"எந்த ஊருங்க?"

"நீங்க வெளியூர்ல வேலை பார்க்கிறதாத்தானே உங்க பொண்ணு சொன்னா? அதனாலதான் எதுக்கும் வர்றதில்லைன்னு..."

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. மகள்மேல் கோபமே வரவில்லை, தன்மேல்தான் வந்தது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஓட்டப்பந்தயம். அதற்குள் திருந்திவிடுவதென்று முடிவு கட்டினார்.

திருந்துவதையும் அரைகுறையாகச் செய்வாரா! காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குளியலறைக் கதவில் எழுதினார். ஐந்து மணிக்கு எழுவது, நடப்பது, சர்க்கரையில்லாத டீ, கத்தாமல் பேசுவது, வேளைக்குச் சாப்பிடுவது என்று பட்டியல் ஒன்பதுவரை நீண்டது. ஒன்பதையும் ஒரே காலையில் ஆரம்பித்தார். நாலாம் நாள், நடக்கப் போன இடத்தில் போன் வந்து யார் வீட்டு மோட்டாரையோ பிரிக்க உட்கார்ந்தார். சாப்பாடு மூன்று மணிக்கு. சர்க்கரையில்லாத எரிச்சலில் மனைவிமேல் ஒரு கத்து. எல்லாம் போச்சு.

மனைவி பதிலுக்குக் கத்தவில்லை. "ஏங்க, ஒரு வீட்டுல ஒன்பது இடத்துல தண்ணி பீச்சியடிச்சா, முதல்ல எதுல கை வைப்பீங்க?"

"ஒன்பதுலயும் வைக்கமாட்டேன். மெயின் வால்வை மூடுவேன். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியுது" என்றவள், அவர் சட்டைப் பையில் அலறிக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள்.

சனிக்கிழமை. மைதானத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்துப் போன் மறுபடி அலறியது. யார் வீட்டுச் சமையலறையிலோ தண்ணீர் சொட்டுகிறதாம். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை.

"இன்னிக்கு வர முடியாதுங்க" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அப்படியா? சரி, திங்கட்கிழமை வாங்க. கீழ வாளி வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான்! இதற்காகவா பதினாலு வருஷம் ஓடினோம் என்று அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, நிஜமாவே வர்றீங்களா?"

"வர்றேன்டா. இதுக்கு முன்னாடி எத்தனை பந்தயம் ஓடியிருக்கே?"

"ஆறு. நாலுல நான்தான் முதல்."

"நாலா! எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்ல வரும்போதெல்லாம் போன்ல இருந்தீங்கப்பா."

அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. போனை மனைவி கையில் திணித்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் மகள் பின்னால் ஓடினார்.